‘இடுப்பளவு’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

நான் வேலை பார்த்த வார இதழில் இசை விமர்சனப் பக்கத்தை நிறுத்தப்போகிறார்களாம். இனிமேல் ஒரு பாட்டு வந்தால் அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று மட்டும் இணையதளத்தில் போடுவார்களாம். இதைச் சொல்ல அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தாள். கடைசிப் பக்கத்துக்காகப் பழைய விமர்சனங்களைப் புரட்டியிருக்கிறாள். அதில் ஒன்று அவளுக்கு விளங்கவில்லை. ‘சேத்துக்கால்’ என்ற ராக் இசைக்குழுவின் ‘இடுப்பளவு’ ஆல்பத்துக்கு நான் எழுதியது அது. "கடைசிப் பாட்டுல வர்ற மௌனத்துக்குக் காரணம் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்னு எழுதியிருக்கீங்களே மேடம், அப்படி எழுதலாமா?" என்று கேட்டாள்.

எழுதக் கூடாதுதான். எனக்குத் தெரியும், உனக்குச் சொல்ல மாட்டேன் என்று வாசகரிடம் சொல்வது மிட்டாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு வம்பிழுக்கிற வேலை. வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் நானே கிழித்துப் போட்டிருப்பேன். ஏன் எழுதினேன் என்பதை இப்போது சொல்லலாம். சொல்ல அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் திருப்பாலைவனம். அப்பாவுக்கு நெல் விவசாயம். பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் சென்னை என்று தினமும் போய் வந்தே காலத்தை ஓட்டிவிட்டேன். பிழை திருத்துபவளாகத்தான் சேர்ந்தேன். இசைப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவர் சினிமாவுக்குப் பாட்டெழுதப் போகிறேன் என்று கிளம்பிவிட, அந்தப் பக்கம் கேட்பாரற்றுக் கிடந்தது. சங்கீதம் தெரியுமா என்று ஆசிரியர் என்னைக் கேட்டார். தெரியாது, கேட்க மட்டும் தெரியும் என்றேன். துடுக்கான பதில், வயது அப்படி. அவர் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். கேசட் போய், சிடி போய், போனுக்கு லிங்க் வருகிற காலம் வரை அந்தப் பக்கம் என்னிடமே இருந்தது.

ஆசிரியருக்கு இசையில் துளி ஆர்வமும் கிடையாது. அதனால்தான் அவரிடம் தப்பிக்க முடியாது. விமர்சனத்தைக் கொடுத்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம்மை எதிரே உட்கார வைத்து, உரக்கப் படிப்பார். ரயில் தாமதமாக வரும் என்று ஸ்டேஷனில் சொல்வார்களே, அந்தக் குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல். அப்படிப் படிக்கும்போது எந்த வரிக்கு நமக்குக் கூச்சம் வருகிறதோ அந்த வரி பொய் என்பது அவர் கணக்கு. ‘மனதை உருக்கும் குரல்’ என்று ஒருமுறை எழுதியிருந்தேன். படித்துவிட்டு நிறுத்தி, "யார் மனசைம்மா?" என்றார். என் மனதை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பேனாவை வாங்கி நானே அடித்துவிட்டேன்.

கேட்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதல் தடவை ஆபீஸில், யார் பாடியது, யார் இசை என்று எதையும் பார்க்காமல் கேட்க வேண்டும். இரண்டாவது தடவை பஸ்ஸிலோ ரயிலிலோ. நம் வாசகர் அங்கேதான் கேட்கிறார் என்பார். அப்புறம் கொஞ்ச நாள் அதைத் தொடவே கூடாது. மூன்றாவது தடவை கேட்பதற்கு முன்னால், என்ன ஞாபகம் இருக்கிறது என்று நமக்கு நாமே சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரர்கள் வைக்கும் விருந்தில் கை நனைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர்கள் பிரியாணி நன்றாக இருக்கும் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு பாடகர் ஆபீஸுக்கே சண்டைக்கு வந்துவிட்டார். அவருடைய ஆல்பத்தை நான் ‘சுமார்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அவருக்கு டீ வரவழைத்து, முழு விமர்சனத்தையும் அதே ரயில்வே குரலில் அவருக்கே படித்துக் காட்டினார். எந்தப் பாட்டில் எந்த இடம் என்று குறிப்பாகச் சொல்லியிருந்ததால் பாடகர் நடுவில் இரண்டு இடத்தில் தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்ததும், அந்த ஆல்பம் சுமார்தான் சார் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

‘இடுப்பளவு’ எங்களிடம் தாமதமாக வந்தது. வருவதற்குள் ஊரெல்லாம் பேச்சு. சேத்துக்கால் குழுவில் பாடுபவள் வள்ளி, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் ஒரு குடியிருப்பிலிருந்து வந்தவள். கிடார் வாசிப்பவன் அருண், சென்னைப் பையன். டிரம்ஸ் அடிப்பவன் அதே ஏரிப் பக்கத்துப் பசியாவரம் ஊர்க்காரன். முதல் பாட்டுகள் எல்லாம் வேகம். படகு மோட்டாரை இழுத்துக் கிளப்புகிற மாதிரி டிரம்ஸ் ஆரம்பித்தால் காலேஜ் விழாக்களில் ஒருவரும் உட்கார மாட்டார்களாம். கடைசிப் பாட்டுதான் வேறு. அதில் வார்த்தையே கிடையாது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் வள்ளி ஒரு மெட்டை இழுக்கிறாள். அதன் கீழே கிடார் மெதுவாகப் போகிறது. பாதியில் அவள் குரல் நிற்கிறது. கிடார் நிற்கிறது. எல்லாம் நிற்கிறது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும் அளவுக்கு நீளமான மௌனம். பிறகு கிடார் மட்டும் தனியாக வந்து முடித்து வைக்கிறது. குரல் திரும்ப வருவதேயில்லை.

அந்த மௌனத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி பிய்த்தார்கள். ஏரி செத்துக்கொண்டிருப்பதைக் கண்டிக்கும் அரசியல் மௌனம் என்று ஒரு ஆங்கில விமர்சகர் புகழ்ந்தார். வீடியோவில் விமர்சனம் சொல்லும் ஒருவர், சவுண்ட் இன்ஜினியர் தூங்கிவிட்டார் என்று சிரித்தார். வெளிநாட்டுக் குழுக்களைப் பார்த்துக் காப்பி அடித்தது என்றார் இன்னொருவர். புகழ்ந்தவர், திட்டியவர் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. ஒருவர்கூட வள்ளியைக் கேட்கவில்லை.

விற்பனையில் அந்த மௌனம் நேரடியாகவே கை வைத்தது. இப்போது விற்பனை என்பது கடையில் நடப்பதில்லை, போனில் எத்தனை பேர் முழுசாகக் கேட்கிறார்கள் என்பதுதான். கடைசிப் பாட்டில் குரல் நின்ற உடனே ஆட்கள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள், அதனால் ஆல்பமே பின்னுக்குப் போகிறது என்று இசைக் கம்பெனி மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். மௌனத்தை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது ஆல்பம் கிடையாது என்று குழுவிடம் சொல்லிவிட்டார். வள்ளி வெட்ட மாட்டேன் என்றாள்.

நான் முறைப்படி கேட்டேன். ஆபீஸில் ஒருமுறை, பொன்னேரி ரயிலில் ஒருமுறை, கொஞ்ச நாள் விட்டு ஒருமுறை. விமர்சனத்தில், ‘கடைசிப் பாட்டின் மௌனம் அர்த்தமுள்ளது’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் படித்துக்கொண்டே வந்து அங்கே நிறுத்தினார்.

"என்ன அர்த்தம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது, இல்லையென்றால் போய்க் கேட்டுக்கொண்டு வா என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பழவேற்காடு பஸ் என் ஊர் வழியாகத்தான் போகிறது. வீட்டைத் தாண்டிப் போனேன். வள்ளி பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மேடையில் ஆடுகிற பெண்ணா இது என்று நினைக்கும்படி அவ்வளவு அடக்கம். மௌனத்தைப் பற்றிக் கேட்டதும் ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

தண்ணீரில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. குனிந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போட்டு வைக்கும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். கரையில் நின்றால் மூக்குப் பாட்டு கேட்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு மெட்டு. வாயில் பறி இருக்கும்போது பேச முடியாது. தலை எப்போதும் குனிந்தே இருப்பதால் பார்க்கவும் முடியாது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரிவதற்காகத்தான் இந்தப் பாட்டு என்று வள்ளி சொன்னாள். கேட்டதும் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. ஆனால் மௌனம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"பாட்டு நின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

வள்ளி சிரித்தாள். "மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம்க்கா."

ஒரு இடத்தில் இறால் நிறையத் தட்டுப்பட்டால், தட்டுப்பட்டவள் சத்தமில்லாமல் பாட்டை நிறுத்திவிடுவாளாம். பாடினால் இருக்கிற இடம் தெரிந்து மற்றவர்கள் பக்கத்தில் வந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கும் இந்தக் கள்ளத்தனம் தெரியும். தெரிந்தாலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், பார்த்தால் தனக்குப் பொறாமை என்று ஆகிவிடும். கரையேறிய பிறகுதான், "இன்னாடி, மாட்டிக்கிச்சா?" என்று ஒருத்தியை ஒருத்தி இடுப்பில் கிள்ளுவார்கள். வள்ளியின் அம்மா அம்சவேணி இதில் பெரிய கை. அவள் பாட்டு நின்றுவிட்டால் அன்றைக்கு அவள் பறி கனமாகத்தான் இருக்குமாம்.

இதுவரை சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் ஸ்கூட்டி சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே மீதியைச் சொன்னாள்.

கடைசிப் பாட்டைப் போடுவதற்கு முன்னால் ஒருநாள், வள்ளி சென்னையில் ரிகர்சலில் இருந்தாள். தண்ணீரில் அம்சவேணிக்கு மிக அருகே இருந்தவள் அவள் தங்கை கன்னியம்மா. அக்காவின் பாட்டு பாதியில் நின்றது. அக்காவுக்கு மாட்டிக்கொண்டது என்று தங்கை நினைத்தாள். அக்காவுக்குத்தான் எப்போதும் மாட்டுகிறது என்று அவளுக்குக் கோபம். நிமிராமல், வேண்டுமென்றே தன் பாட்டைச் சத்தமாக இழுத்துக்கொண்டு வேறு பக்கம் நகர்ந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் பறி தனியாக மிதந்து வந்து அவள் தோளில் இடித்தது. தண்ணீர் இடுப்பளவுதான். நெஞ்சு நின்று விழுந்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு அழுகை வந்தது. ஏரிக்கரையில் நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக அழுதேன். வள்ளி அழவில்லை.

நடந்ததை அம்மாவின் காரியத்தன்றைக்குக் கன்னியம்மாதான் வள்ளியிடம் சொன்னாளாம். வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு அவள் நிமிர்ந்து பார்க்காதது தெரியாது. அதற்குப் பிறகு கன்னியம்மா தண்ணீரில் இறங்கவேயில்லை. கரையில் இறால் பிரித்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். வள்ளியின் பாட்டை அவள் கேட்டதில்லை, கேட்கச் சொல்ல வள்ளிக்கும் மனசு வரவில்லை.

"அக்கா, இத்த எழுதிடாதீங்க," என்றாள். "எழுதுனா பாட்டு ஓடும். சின்னம்மா செத்துடும்."

ஆசிரியரிடம் வந்து, காரணம் தெரிந்தது, ஆனால் எழுத வேண்டாம் என்கிறாள் என்று சொன்னேன். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. அதற்குள் கம்பெனி மேலாளர் ஆபீஸுக்கு வந்துவிட்டார். அம்மா ஏரியில் இறந்ததைப் பற்றி ஏதோ இருக்கிறது என்று அருண் வாயை விட்டிருக்கிறான். அதை அட்டைப்படக் கட்டுரையாகப் போடுங்கள், ஜனங்கள் அந்த மௌனத்தை அழுதுகொண்டே கேட்பார்கள், ஆல்பமும் பிழைக்கும், அந்தப் பெண்ணுக்கும் வாழ்க்கை கிடைக்கும் என்று அவர் கெஞ்சினார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

அவர் போனதும் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொன்னா யாருக்கு நல்லது?"

"பாட்டுக்கு. வள்ளிக்கும்கூட."

"சொல்லலைன்னா?"

"இன்னொரு பொம்பளைக்கு."

"நம்ம பக்கம் பாட்டுக்காகத்தானேம்மா நடத்துறோம்," என்றார். எழுதாதே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எழுது என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

எழுதி முடித்துக் கொடுத்தேன். அந்த ரயில்வே குரலில் படித்தார். ஒவ்வொரு பாட்டாகச் சொல்லிக்கொண்டு போய், கடைசிப் பாட்டுக்கு இப்படி முடித்திருந்தேன்: ‘இந்த மௌனத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். காரணம் தெரியாமல் ரயிலில் கேட்டபோது, அந்த இடத்தில் நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். வாசகர் தன் தலை நிமிர்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.’ எந்த வரியிலும் அவர் நிறுத்தவில்லை. எனக்கும் எந்த வரிக்கும் கூச்சம் வரவில்லை. அப்படியே அச்சுக்குப் போனது.

விமர்சனத்தால் ஆல்பத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்தம்மாவுக்கு வயதாகிவிட்டது, புரியாததை மறைக்கிறார் என்று இணையத்தில் கிண்டல் செய்தார்கள். மௌனத்தை வெட்டிய ஒரு பதிப்பைக் கம்பெனியே வெளியிட்டது. அது ஒரு செல்போன் கடைத் திறப்பு விழாவில் ஓடியதை நானே கேட்டேன். வெட்டிய பிறகு அது சாதாரணத் தாலாட்டு மாதிரி இருந்தது. இரண்டாவது ஆல்பம் வரவில்லை. அருண் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டான். வள்ளி பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், கோயில் விழாக்களில் கச்சேரிக் குழுக்களோடு பாடுகிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா என்று ஓடி வருவாள். ஒருமுறைகூட அவள் என்னைக் குறை சொன்னதில்லை. அதுவே எனக்குச் சங்கடம்.

இதழிலிருந்து அந்தப் பெண் போன் செய்ததும் வள்ளியைக் கூப்பிட்டேன். இப்போதாவது எழுதலாமா என்று கேட்டேன். சின்னம்மாவைத்தான் கேட்க வேண்டும், நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் கூப்பிட்டு, சின்னம்மா உங்களை நேரில் வரச் சொல்கிறது என்றாள்.

கன்னியம்மா கரையில் ஒரு புன்னை மர நிழலில் இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் என்னென்னவோ சமாதானம் யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. உட்காரச் சொல்லி, எவ்வளவு நாளாய் எழுதாமல் வைத்திருந்தாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"இந்தப் பொண்ணு எனுக்காவ வாய மூடிகினு துணிக்கடைல நிக்குது," என்றாள். "எழுதிக்கோம்மா. எம் பேரப் போட்டே எழுதிக்கோ. ஆனா மொதல்ல அந்தப் பாட்ட எனுக்குப் போடு."

வள்ளி என்னைப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்து, வெட்டாத பாட்டைப் போட்டு, இறால் கூடையின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். மூக்குப் பாட்டு ஆரம்பித்ததும் கன்னியம்மாவின் கை நின்றது. தன் அக்காவின் மெட்டு அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அழவில்லை. குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் தண்ணீரில் தூரத்தில் இருந்தார்கள்.

குரல் நின்றது. கிடாரும் நின்றது.

கன்னியம்மா நிமிர்ந்தாள். போனைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிறவளிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாடி, மாட்டிக்கிச்சா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கிடார் தனியாகத் திரும்பி வந்தது. முடியும் வரை நாங்கள் யாரும் அதை நிறுத்தவில்லை.